கட்டுநாயக்காவுக்குப் போன ஒரே வேன்

என் தகப்பன் முஹம்மது தம்பியை, எங்கள் வாப்பாவை, பின் ஒழுங்கை நஸ்ரி டயர் கழற்றும் இரும்பால் அடித்துக் கொன்றான். கிண்ணியாவில் எங்கள் வீட்டு மதிலுக்கும் வாப்பாவின் வேனுக்கும் இடையில், ஒரு திங்கட்கிழமை காலையில் அது நடந்தது. வாப்பா குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. மற்ற அடிகள் அவர் திரும்பிய பிறகு முகத்தில் விழுந்தவை. எல்லாம் இடக்கை அடிகள் என்று வைத்தியர் சொன்னார். நஸ்ரி பிறவியில் இடக்கையன் அல்லன். அவனுடைய வலக்கையை உடைத்தவர் வாப்பா.

வாப்பாவை நல்லவராக மட்டும் எழுத என்னால் முடியாது. அவருக்குக் கை முந்தும், வாய் பிந்தும்.

குறிஞ்சாக்கேணியில் பிறந்தவர். மீன் லொறியில் கிளீனராகப் போய், லொறி ஓட்டப் பழகி, கடைசியில் ஒரு பழைய ஹையேஸ் வேன் வாங்கினார். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரே வேலைதான். கிண்ணியாவிலும் மூதூரிலும் திருகோணமலை நகரத்திலும் ஆட்களை ஏற்றிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்குவார். அங்கே வந்திறங்குபவர்களை ஏற்றி வீட்டில் விடுவார். யுத்தக் காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் துப்பாக்கிப் பிடியால் வாங்கிய அடியில் இரண்டு பற்கள் போயின. வாயில் துணியை வைத்துக்கொண்டு மிச்ச தூரத்தை ஓட்டினார். ஏறியிருந்தவர்களுக்கு விமானம் தவறவில்லை.

ஏறுபவர்களில் அதிகம் பேர் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். முதல்முறை போகிறவர்கள் கந்தளாய் தாண்டும்வரை அழுவார்கள். வாப்பா கண்ணாடியில் பார்த்துச் சொல்வார்:

"அழாதீங்க புள்ள. குவைத் கிட்ட. கட்டுநாயக்காதான் தூரம்."

அது ஆறுதலுக்குச் சொன்ன பொய் அல்ல. கிண்ணியாவிலிருந்து விமான நிலையத்துக்கு வேனில் ஆறு மணித்தியாலம். அங்கிருந்து குவைத்துக்கு விமானத்தில் ஏறக்குறைய அதே நேரம், சில நாட்களில் அதற்கும் குறைவு. எங்கள் ஊரில் யாரும் கிலோமீட்டரில் தூரம் கேட்பதில்லை. எப்போது ஏறினால் எப்போது வீட்டு வாசலில் நிற்கலாம் என்றுதான் கேட்பார்கள். வெளிநாடு என்றால் வளைகுடா. அங்கே இருக்கும் பிள்ளைக்கு இங்கே மவுத்துச் செய்தி போனால், கிடைத்த விமானத்தில் ஏறி, வாப்பாவின் வேனில் வந்து, அடக்குவதற்கு முன் முகம் பார்த்துவிடும். ஊரின் கணக்கு முழுவதும் அந்த ஒரு கடலை வைத்துப் போட்டது.

அடிபிடிக்கும் குறைவில்லை. ஹபரணையில் ஒரு லொறிக்காரனின் மூக்கை உடைத்தார், வழி விடவில்லை என்று. விமான நிலையத்தில் ஒரு பெண்ணின் பெட்டியைக் காலால் தள்ளியவனைக் கன்னத்தில் அறைந்து ஒரு பகல் முழுவதும் பொலிஸில் இருந்தார். என் தம்பி ஹஸ்மி பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் துறைமுகப் பக்கம் திரிந்ததற்கு இடுப்புப் பட்டியால் வாங்கிய தழும்பு இன்னும் முதுகில் இருக்கிறது. என் தாய் சுபைதாவை ஒருமுறை அடித்தார். உம்மா அடுப்பிலிருந்த மீன் சட்டியைத் தூக்கி அவர் தோளில் போட்டார். சட்டி உடைந்தது, தோள் வெந்தது. அதற்குப் பிறகு உம்மா மேல் அவர் கை போகவில்லை. சுபைதாவிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

எனக்கும் ஒருமுறை விழுந்தது. லண்டனில் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று சொன்ன அன்று. அடித்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

"எவ்வளவு தூரம்?"

"எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர், வாப்பா."

"அதைக் கொண்டுபோய் உப்பில போடு. நேரத்தச் சொல்லு."

"நேரா பறந்தா பதினொரு மணித்தியாலம்."

"ரெண்டு குவைத்."

"ஓம்."

"சரி. போ. ரெண்டு குவைத் ஏலும்."

நான் படித்து முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்தேன். சரக்கு விமானங்களுக்குப் பாதை போடும் வேலை. காற்று, எரிபொருள், மூடிய வான்வெளி எல்லாவற்றையும் பார்த்து ஒரு விமானம் எந்த வழியில் போகும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கணக்கிடுவேன். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையில் இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் என்று போனில் தேடினால் வருவது வேறு கணக்கு. பூமிப் பந்தில் புள்ளியிலிருந்து புள்ளிக்கு மிகக் குறுகிய கோட்டைப் போட்டு, ஒரு வேகத்தால் வகுத்துச் சொல்வது. அந்தக் கோட்டில் விமானம் போவதில்லை. அந்தக் கணக்குக்கு ஆசனம் கிடைக்காதது தெரியாது. இடையில் இறங்கிக் காத்திருப்பது தெரியாது.

நஸ்ரி எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் இருந்தவன். கொழும்பு ஏஜென்சி ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தான். அவன் அனுப்பும் பெண்களை வாப்பாதான் ஏற்றிப் போவார். இரண்டு பேரும் ஒரு சட்டியில் சாப்பிட்டவர்கள். பக்கத்து வளவு பரீதாவையும் அவன்தான் அனுப்பினான். குழந்தை பார்க்கும் வேலை என்றான். பரீதாவிடம் வாப்பா அதே வசனத்தைச் சொன்னார், குவைத் கிட்ட என்று.

அவள் திரும்பி வந்தபோது வாப்பா விமான நிலையத்துக்கு ஏற்றப் போனார். ஆறு மணித்தியாலமும் அவள் ஆசனத்தில் சாயவில்லை. முன் ஆசனத்தின் முதுகைக் கட்டிப்பிடித்துக் குனிந்தபடி வந்தாள். சட்டைக்குள் முதுகு முழுவதும், வேலை செய்த வீட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியால் சுட்ட காயங்கள். வாப்பா வழியில் எங்கும் நிறுத்தவில்லை. அவளை அவள் வீட்டில் இறக்காமல் நேராக நஸ்ரியின் வாசலில் வேனை நிறுத்தினார்.

"நஸ்ரி, வா. ஆள் வந்திரிக்கி."

நஸ்ரி சிரித்துக்கொண்டு வந்தான். வாப்பா அவனைத் தலைமயிரில் பிடித்து வேனுக்குள் பரீதாவின் முதுகுக்கு நேரே முகத்தைத் திருப்பினார். பிறகு அவனுடைய வலது கையை வேனின் இழுவைக் கதவுக்குள் வைத்து, இழுத்துச் சாத்தினார். திறந்தார். மறுபடியும் சாத்தினார். நஸ்ரியின் மனைவி ஜெஸ்மின் ஓடிவந்து காலைப் பிடித்துக் கத்திய பிறகுதான் விட்டார். வழக்கு நடந்தது. வாப்பா சிறையில் இருந்துவிட்டு வந்தார். நஸ்ரியின் விரல்கள் மடங்கவில்லை. அவன் காத்திருந்தான். இரண்டு ஆண்டு கழித்து டயர் கழற்றும் இரும்போடு வந்தான். அடித்துவிட்டு நேராகப் பொலிஸுக்குப் போய்க் கதிரையில் இருந்துகொண்டான். ஊருக்கு மிஞ்சியது அவனுடைய வீடு. அதற்குள் ஜெஸ்மின், ஆறு வயதுப் பெண்பிள்ளை, ஒரு கைக்குழந்தை.

ஹஸ்மி எனக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் தானே போனில் தேடியிருக்கிறான். லண்டன், கொழும்பு, பதினொரு மணித்தியாலம். அதோடு வேனுக்கு ஆறைக் கூட்டினான். குவைத்தில் இருப்பவர்களுக்குக் கூட்டுவதுபோல. பள்ளிவாசலுக்குப் போய், ஜனாஸா அடக்கம் செவ்வாய்க்கிழமை லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்குப் பிறகு, லண்டன் மகள் அதற்குள் வந்துவிடுவாள் என்று அறிவிக்கச் சொன்னான். நான் செவ்வாய் இரவுக்குத்தான் வர முடியும் என்று அனுப்பியதை அவன் நம்பவில்லை.

எனக்குக் கிடைத்த முதல் ஆசனம் திங்கள் பின்னேரம். அதுவும் தோஹாவில் இறங்கி ஏழு மணித்தியாலம் இருந்து மாற வேண்டும். செவ்வாய் காலை வாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் தோஹாவில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். உம்மா போன் எடுத்தார். கணவரை இழந்து இத்தாவில் இருப்பவர், அறையை விட்டு வரக் கூடாது. குரல் மிகத் தாழ்வாக இருந்தது.

"மகள், எங்க இரிக்கிறாய்?"

"தோஹாவுல, உம்மா."

"கேளு. வாப்பாவக் கொண்டுவந்தாச்சு. முகம் முகமா இல்ல. ஒவ்வொருத்தனும் பாத்துட்டு வெளிய போய்க் கத்துறான். வேன்காரனுகள் எல்லாரும் வந்துட்டானுகள். நஸ்ரிட ஒழுங்கைய ரெண்டு பக்கமும் வேனால அடைச்சிரிக்கி. மண்ணெண்ணெய்க் கேனும் வந்துட்டு."

"பொலிஸ்?"

"ரெண்டு பேர் நிக்கிறானுகள். ஜீப்ப உள்ள விடல்ல. கண்ணாடியும் போயிட்டு. நீ வந்து பாத்தாப் பொறகு அடக்குறது, அடக்கிட்டு வந்து கொளுத்துறது எண்டு ஹஸ்மி சொல்றான். மத்தவனுகள் அதுவரைக்கும் பொறுக்கானுகள். காலையில ஒருத்தன் கதவில கத்தியால கொத்திட்டான்."

உம்மா மூச்சு வாங்கினார்.

"இண்டைக்கு இந்த ஊர விட்டு ஒரு வேன்தான் வெளிய போகும். உன்ன ஏத்தப் போற வேன். வாப்பாட வேன். சிவரூபன் கொண்டு போறான். அத ஒருத்தனும் மறிக்கமாட்டான். பத்து மணிக்குள்ள வெளிக்கிடணும். அதுக்கு முதல் வாப்பாட மையித்து ஊட்ட விட்டுப் போகணும். ஆம்பிளயள் எல்லாரும் மையவாடிக்குப் போயிருவானுகள். ஒழுங்கையில பொம்பிளயள்தான் நிப்பாளுகள். விளங்குதா?"

விளங்கியது. ஆண்கள் இல்லாத அந்த நேரத்தில் ஜெஸ்மினையும் பிள்ளைகளையும் அந்த வேனில் ஒளித்து அனுப்பப் போகிறார். எங்களில் பெண்கள் அடக்கும் இடமான மையவாடிக்குப் போவதில்லை. மகள் வாப்பாவைப் பார்ப்பது வீட்டில்தான். நெற்றியில் முத்தமிட்டுவிட்டு விலகி நிற்க, ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவார்கள். அதற்கு முன் நான் போய்ச் சேராவிட்டால் இல்லை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லித்தான் உம்மா கேட்டார்.

"நான் வாப்பாவப் பாக்கணும், உம்மா."

"தெரியும்."

"ஜெஸ்மின்ட புள்ளைகளுக்காகவா சொல்றீங்க?"

"அவள்ட புள்ளைகளுக்கு இல்லடி. என்ட புள்ளைக்கு. கொளுத்தினா முதல் பேர் ஹஸ்மி. ஒருத்தர மண்ணுக்குக் குடுத்தாச்சு. மத்தவன ஜெயிலுக்குக் குடுக்க எனக்கு ஏலாது. நீ சொன்னாத்தான் அவன் அடக்குவான். நான் சொன்னா, உம்மாக்கு மூளை குழம்பிட்டு எண்டுவான்."

நான் ஹஸ்மிக்கு எடுத்தேன். அவன் பின்னால் ஆண்கள் கத்துவது கேட்டது.

"பதினொரு மணித்தியாலம் எண்டு போட்டிரிக்கி," என்றான். "நேத்து ஏறினவள் இன்னும் தோஹாவுல நிண்டு படம் காட்டுறாய். இவ்வளவு பேரும் என்னக் கேக்கிறானுகள், உன்ட ராத்தா நடந்தா வாறா எண்டு."

"ஹஸ்மி, அடக்கு."

"என்னது?"

"இப்பவே அடக்கு. எனக்காகப் பாத்துக்கொண்டு நிக்காத."

அவன் காறித் துப்பும் சத்தம் கேட்டது.

"பாருடி. பாத்துட்டுச் சொல்லு."

போன் திரையில் வீடியோ திறந்தது. துணியை விலக்கினான். வலது கன்ன எலும்பு உள்ளே போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் இருந்த இடத்தில் பஞ்சு. தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அவர் கோபத்தில் பல்லைக் கடிக்கும்போது இருப்பதுபோல் இருந்தது. நான் முழுவதும் பார்த்தேன். மண்ணெண்ணெயை நானே ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன். அந்த வீட்டுக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு ஊற்ற வேண்டும் என்று நினைத்தேன். பிள்ளைகள் உள்ளே இருப்பது நினைவில் இருந்தது. இருந்தும் நினைத்தேன்.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தன். அடக்கு."

"கல்லுடி நீ."

"ஓம். அடக்கு."

"மகள் சொல்லிட்டாள் எண்டு பள்ளிவாசல் ஹாஜியாரிட்டச் சொல்லுறன். பாவம் உன்ட தலையில."

"என்ட தலையில."

அவன் போனை வைத்தான். தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை சக்கரப் பெட்டியின் மேல் ஏறி இருந்து சிரித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் விமானம் எந்த வாசலில் என்று பார்த்தேன்.

தோஹாவிலிருந்து கொழும்பு மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். அந்த ஐந்து மணித்தியாலமும் போன் இல்லை. வீடு எரிந்ததா, எரிந்தால் உள்ளே யாராவது இருந்தார்களா, ஹஸ்மி எங்கே நிற்கிறான் என்று எதுவும் தெரியாது. பாதை போடுவது என் வேலை. அன்று முன் திரையில் விமானம் எங்கே வருகிறது என்று ஒருமுறையும் நான் பார்க்கவில்லை.

கட்டுநாயக்காவில் வெளியே வந்தபோது சிவரூபன் அண்ணன் வாசலில் நின்றார். தம்பலகாமத்துக்காரர். வாப்பாவுக்கு உடம்பு முடியாத நாட்களில் அந்த வேனை அவர்தான் ஓட்டுவார். புருவத்துக்கு மேல் துவாய்த் துண்டு கட்டியிருந்தார். இரத்தம் ஊறிக் காய்ந்திருந்தது.

"என்ன அண்ணன் இது?"

"சந்தியில ரெண்டு பொடியள் காவலுக்கு நிண்டவங்கள். உள்ளுக்கப் பாக்க வேணும் எண்டு ஒருத்தன் பொல்லால கண்ணாடிக்கு அடிச்சான். நான் நல்ல தூசணத்தில குடுத்தன். தம்பி அண்ணையின்ர மகளை ஏத்தப் போறன், பிளேன் என்ன உன்ர கொப்பன்ர மாட்டு வண்டியா, நிண்டு பாத்துக்கொண்டு வர எண்டு கேட்டன். பயந்து வேனை எடுத்து வழி விட்டாங்கள்."

"ஹஸ்மி?"

"அடக்கிப்போட்டு வந்து வீட்டைக் கொளுத்தினவங்களாம், வழியில எனக்குப் போன் வந்தது. அவனும் நிண்டவன். உள்ளுக்கு ஆக்கள் இல்லை. கூரை விழுந்த பிறகுதான் அவங்களுக்கே தெரியும். வெறும் வீடுதானே, தங்கச்சி. வெறும் வீட்டுக்கு ஆரும் தூக்கில போட மாட்டாங்கள்."

"ஜெஸ்மினையும் புள்ளைகளையும் எப்படி வெளிய எடுத்த நீங்கள்?"

"நான் எங்க எடுத்தது? பரீதா பின் வேலித் தகரத்தை வெட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவ."

"பரீதாவா? என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. வெட்டினா. கைக்குழந்தையைத் தூக்கித் தந்தா. போயிட்டா."

வேன் தரிப்பிடத்தின் ஓரத்தில் நின்றது. பக்க ஜன்னல் கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் ஒரு சாரத் துணியைக் கட்டியிருந்தார். நான் இழுவைக் கதவைத் திறந்தேன்.

ஜெஸ்மின் ஆசனத்தில் இருக்கவில்லை. ஆசனங்களுக்கு இடையில் தரையில் இருந்தாள். கிண்ணியாவிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். குழந்தை மடியில் தூங்கியது. பெரியவள் தாயின் தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஜெஸ்மின் வாய் திறந்தாள்.

"பஹ்மியா ராத்தா, எங்கட ஊட்டு ஆள் செய்தத்துக்கு நான்..."

நான் அடித்தேன். கன்னத்தில், முழுக் கையால். தலை ஆசனக் கம்பியில் மோதியது. உதடு வெடித்தது. பெரியவள் அலறினாள், குழந்தை விழித்து அழுதது. தரிப்பிடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கை மறுபடியும் தானாகவே மேலே போனது. ஜெஸ்மின் குழந்தையின் தலையை ஒரு கையால் மூடிக்கொண்டு, முகத்தை விலக்காமல் எனக்குக் காட்டினாள். இன்னும் அடி என்பதுபோல. அந்த முகத்தில் இரண்டு கண்ணும் இருந்தன. இரண்டு கன்னமும் இருந்தன.

சிவரூபன் அண்ணன் என் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"இவையை நீர்கொழும்பில விட வேணும், தங்கச்சி. பெரியமுல்லையில தமக்கை இருக்கிறாவாம். முதலே விட்டிருப்பன். உங்கட பிளேன் இறங்கிட்டுது எண்டு போட்டாங்கள், அதுதான் நேரா வந்தனான்."

நான் கையை இறக்கினேன். கதவில் வைத்து, மெதுவாக இழுத்துச் சாத்தினேன். முன்னால் ஏறினேன்.

பெரியமுல்லைக்குக் கொஞ்ச தூரம்தான். ஒரு ஒழுங்கை முனையில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி நின்றாள். ஜெஸ்மின் இறங்கினாள். உதட்டு இரத்தத்தைத் துடைக்காமல் என் பக்கத்துக் கண்ணாடிக்கு அருகே வந்தாள். ஏதோ சொல்ல நின்றாள். நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூன்று பேரும் ஒழுங்கைக்குள் போனார்கள். பெரியவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

வேன் திரும்பும்போது உம்மாவின் போன் வந்தது.

"எறங்கிட்டாளா?"

"ஓம்."

"புள்ளைகள்?"

"எறங்கிட்டுதுகள்."

"ஹஸ்மி இஞ்ச படுத்துக் கிடக்கிறான். கையெல்லாம் கரி. பொலிஸ் வந்து பேரை எழுதிட்டுப் போயிட்டு, நாளைக்கு வரட்டாம்." உம்மா குரலைத் தாழ்த்தினார். "நீ அவளுக்கு அடிச்சியா?"

"ஓம்."

"ஒண்டுதானே?"

"ஒண்டுதான்."

"சரி," என்றார் உம்மா. "வா."